மைதானம் நம்ம ஊர் நிறத்திலேயே இருக்கட்டும்

வேலூர்ப் பக்கம் மலையடிவாரத்தில் கோல்ஃப் ரிசார்ட் கட்ட நிலம் வாங்கியிருக்கும் நண்பர்களுக்கு,

வணக்கம். போன மாதம் காட்பாடி ரோட்டில் ஒரு ஓட்டல் மாடியில் கூட்டம் போட்டு, மேசை முழுக்க வரைபடத்தை விரித்து நீங்கள் விளக்கிக்கொண்டிருந்தபோது கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தவன் நான். கேள்வி இருந்தால் கேட்கலாம் என்றீர்கள், கை தூக்கினேன், அதற்குள் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டுவிட்டார்கள், கூட்டம் கலைந்துவிட்டது. அன்றைக்குக் கேட்க நினைத்தது ஒரு நிமிஷக் கேள்வி. வீட்டுக்கு வந்து யோசிக்க யோசிக்க இவ்வளவு பெரிய மடலாகிவிட்டது, கொஞ்சம் பொறுத்துப் படியுங்கள்.

நம் பக்கத்தில் ஒரு கோல்ஃப் மைதானம் வர வேண்டும் என்று உங்களுக்கு இருக்கிற ஆசை எனக்கும் உண்டு. ஆம்பூர், ராணிப்பேட்டை தோல் கம்பெனிக்காரர்கள், டாக்டர்கள், காலேஜில் வேலை பார்க்கிறவர்கள் என்று விளையாடத் தெரிந்தவர்கள் இங்கே நிறையப் பேர் இருக்கிறோம், ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை நாலு மணிக்குக் காரை எடுத்துக்கொண்டு சென்னைக்கோ பெங்களூருக்கோ ஓடுகிறோம். பக்கத்திலேயே ஒன்று வந்தால் முதல் ஆளாக வந்து நிற்பேன். அதனால்தான் அந்த வரைபடம் என் தூக்கத்தைக் கெடுத்துவிட்டது.

அதில் கிழக்கே இருக்கிற மேட்டை வெட்டிப் பள்ளத்தில் கொட்டி மொத்த நிலத்தையும் மட்டம் பண்ணியிருந்தீர்கள். மலையிலிருந்து ஏரிக்கு வரும் ஓடையைக் குழாயில் போட்டு மூடிவிட்டு, அதற்குப் பதிலாக நாலு செயற்கைக் குளமும் ஒரு அருவியும் வரைந்திருந்தீர்கள். அப்புறம் வேலியிலிருந்து வேலி வரைக்கும் நூற்றைம்பது ஏக்கரிலும் ஒரு சாண் விடாமல் பச்சைப் புல், வருஷம் முழுக்க ஸ்பிரிங்க்ளர். தண்ணீர் எங்கிருந்து வரும் என்று ஒரு பெரியவர் கேட்டதற்கு, போர் போட்டுக்கொள்ளலாம் என்று பதில் வந்தது. பாலாற்றை நீரில்லாத ஆறு என்று ஊரே சொல்லிச் சொல்லிச் சலித்த இடத்தில் உட்கார்ந்துகொண்டு அந்தப் பதிலைக் கேட்டபோது எனக்கு வயிற்றைப் பிசைந்தது.

போன வருஷம் தீபாவளி சமயத்தில் நான் அமெரிக்காவில் மகள் வீட்டில் இருந்தேன். வட கரோலினா மாநிலம். அங்கிருந்து ஒன்றரை மணி நேரக் கார் தூரத்தில் பைன்ஹர்ஸ்ட் ரிசார்ட். எனக்கு அறுபது முடிந்ததற்காக, அதன் இரண்டாம் நம்பர் மைதானத்தில் விளையாட மாப்பிள்ளை ஏற்பாடு செய்திருந்தார். கோல்ஃப் தெரிந்தவர்களுக்கு அந்தப் பெயரைச் சொன்னாலே போதும். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். பாஸ்டன்காரர் ஒருவர், ஜேம்ஸ் வாக்கர் டஃப்ட்ஸ், சோடா ஃபவுண்டன் இயந்திரம் செய்து பணம் சேர்த்தவர், 1895-ல் அந்த இடத்தை வாங்கினார். பைன் மரத்தையெல்லாம் வெட்டித் தீர்த்துவிட்டு யாருக்கும் வேண்டாம் என்று கிடந்த மணல் காடு அது. உடம்பு தேற வருகிறவர்களுக்காக ரிசார்ட் கட்டினார். 1900-ல் ஸ்காட்லாந்தின் டோர்னக் ஊரிலிருந்து வந்த டொனால்ட் ராஸ் என்பவரை அங்கே வேலைக்கு வைத்தார்கள். அவர் வடிவமைத்த இரண்டாம் நம்பர் மைதானம் 1907-ல் முழுசாகத் திறந்தது. ராஸ் அதோடு விடவில்லை, மூன்றாவது ஹோலுக்கு, அதாவது பந்தைப் போட வேண்டிய மூன்றாவது குழிக்கு, பக்கத்திலேயே வீடு கட்டிக்கொண்டு, 1948-ல் இறக்கும் வரை அதைச் செதுக்கிக்கொண்டே இருந்தார்.

இப்போது உங்களுக்குச் சேர வேண்டிய பகுதிக்கு வருகிறேன். 1970 முடிவில் டஃப்ட்ஸ் குடும்பம் ரிசார்ட்டை விற்றது. அதற்குப் பிறகு வந்தவர்கள், தொலைக்காட்சியில் தெரிகிற மற்ற மைதானங்களைப் போல இதுவும் பளிச்சென்று இருக்க வேண்டும் என்று, ஓரத்தில் இருந்த மணலையும் காட்டுப் புல்லையும் அப்புறப்படுத்திவிட்டு எங்கும் பச்சைப் புல் விரித்தார்கள். அதாவது நீங்கள் வரைந்திருக்கிற அதே படம்தான். பார்க்க அழகாகத்தான் இருந்திருக்கும். ஆனால் ராஸ் கட்டிய மைதானம் அதற்கடியில் காணாமல் போய்விட்டது. நாற்பது வருஷம் கழித்து, 2010-ல், ரிசார்ட்டே பில் கூர், பென் கிரென்ஷா என்ற இரண்டு மைதான வடிவமைப்பாளர்களைக் கூப்பிட்டுப் பழையபடி ஆக்கித் தரச் சொன்னது. அவர்கள் 1943-ல் ஆகாயத்திலிருந்து எடுத்த புகைப்படங்களைக் கையில் வைத்துக்கொண்டு வேலையை ஆரம்பித்தார்கள். பழைய ஃபேர்வே, அதாவது பந்தை அடித்துக்கொண்டு போகிற புல் பாதை, எந்தக் கோட்டில் போனது என்று கண்டுபிடிக்க அவர்களுக்கு உதவியது என்ன தெரியுமா? தரைக்கடியில் கிடந்த பழைய தண்ணீர்க் குழாய். அந்தக் காலத்தில் ஃபேர்வேயின் நடுவில் ஒரே ஒரு வரிசைக் குழாய்தான், அதிலிருந்து தண்ணீர் எட்டுகிற அளவுக்குத்தான் புல். குழாயைத் தேடிப் பிடித்தார்கள், ஃபேர்வே கிடைத்துவிட்டது.

சுமார் 35 ஏக்கர் புல்லைப் பெயர்த்து எடுத்துவிட்டார்கள். 1,150 ஸ்பிரிங்க்ளர் இருந்த இடத்தில் 450 ஆனது. தண்ணீர்ச் செலவு பாதிக்கும் கீழே இறங்கிவிட்டது. 2011-ல் திறந்தார்கள், 2014-ல் அமெரிக்காவின் பெரிய கோல்ஃப் போட்டியான யு.எஸ். ஓப்பன், ஆண்கள் யு.எஸ். ஓப்பனும் பெண்கள் யு.எஸ். ஓப்பனும் அடுத்தடுத்த வாரத்தில் அங்கே நடந்தன. அப்படி ஒரே மைதானத்தில் நடந்தது அதுதான் முதல் தடவை. 2024-ல் மறுபடியும் ஆண்கள் போட்டி அங்கேதான். தண்ணீரைக் குறைத்தால் தரம் போய்விடும் என்று உங்கள் ஆலோசகர் சொன்னாரே, அவரிடம் இந்த ஒரு வரியை மட்டும் படித்துக் காட்டுங்கள்.

சரி, விளையாடியதைச் சொல்கிறேன். அக்டோபர் கடைசி வாரம். காலையில் வாயைத் திறந்தால் புகை வருகிற குளிர், நம்ம ஊரில் மார்கழி விடியலில்கூட அவ்வளவு இருக்காது. குளிர்ந்த காற்றில் பந்து வழக்கமான தூரம் போகாது, நான் ஏழாம் நம்பர் அயர்ன் ஸ்டிக் எடுக்கிற இடத்தில், எங்கள் பையைத் தூக்கி வந்து வழி சொல்கிற கேடி, இன்னும் தூரம் போகிற ஆறாம் நம்பரைக் கையில் கொடுத்தார். ஐம்பது வயசைத் தாண்டிய மனிதர், அதிகம் பேச மாட்டார், பந்து போன இடத்தை மட்டும் விரலால் காட்டுவார். ஃபேர்வேயின் இரண்டு பக்கமும் உயரமான பைன் மரம், அதற்குக் கீழே ஓக் மரத்துச் செடிகள் ரத்தச் சிவப்பில், அப்புறம் மணல், மணலில் திட்டுத் திட்டாக வைக்கோல் நிறத்தில் கம்பிப் புல். எங்கே பார்த்தாலும் பழுப்பும் பொன்னுமாகத்தான் இருந்தது, பச்சை நடுவில் ஒரு நாடா மாதிரி ஓடியது. காசு கொடுத்து உலகம் முழுவதிலிருந்தும் வருகிறார்கள், ஒருத்தரும் ஏன் இவ்வளவு காய்ந்து கிடக்கிறது என்று கேட்கவில்லை. இத்தனைக்கும் பதினெட்டு ஹோலில் ஒரே ஒரு குளம்தான், அதுவும் பதினாறாவது ஹோலின் தொடக்கத்தில், கிட்டத்தட்ட யாருக்கும் குறுக்கே வராது. அருவி கிடையாது.

ஐந்தாவது ஹோலில் என் பந்து இடது பக்கம் மணலுக்குள் போய்விட்டது. போய்ப் பார்த்தால், ஒரு கம்பிப் புல் குத்துக்கு இந்தப் பக்கம் நாலு விரல் தள்ளி உட்கார்ந்திருக்கிறது. குத்து என்றால் நம்ம வீட்டுத் துடைப்பத்தைத் தலைகீழாக நட்டு வைத்த மாதிரி, ஒவ்வொரு தாளும் நூல் கனம், நடுவில் பூத்து முடிந்த தண்டுகள். பந்தின் மேல் பைன் ஊசி விழுந்து கிடந்தது, மூன்று மூன்று ஊசியாக ஒரே காம்பில் சேர்ந்தவை, ஒரு சாணுக்கு மேல் நீளம், பழுத்து ஆரஞ்சு நிறமாகியிருந்தது. அங்கே அந்தப் பருவத்தில்தான் மரம் பழைய ஊசியை உதிர்க்கும். ஊசியை எடுத்துப் போடலாம், விதி அனுமதிக்கிறது, ஆனால் எடுக்கும்போது பந்து அசைந்தால் தண்டமாக ஒரு அடி கணக்கில் கூடிவிடும். மண்டி போட்டு உட்கார்ந்து ஒவ்வொன்றாக எடுத்தேன். பக்கத்தில் ஏதோ பறவை நடந்த கால் தடம், மழைத்துளி விழுந்த புள்ளி, எல்லாம் அப்படியே மணலில் இருந்தது. அந்த ரெண்டு நிமிஷம் நான் ஒரு பெரிய ரிசார்ட்டில் இருக்கிறேன் என்பதே மறந்துவிட்டது, சின்ன வயசில் விளையாடிய மண்ணில் உட்கார்ந்திருக்கிற மாதிரி இருந்தது.

ராஸின் கிரீன்கள், அதாவது குழியைச் சுற்றி ஒட்ட வெட்டிய புல் பரப்புகள், எல்லாம் கவிழ்த்து வைத்த தாம்பாளம் மாதிரி, நடுவில் மேடு, ஓரமெல்லாம் சரிவு. பதினைந்தாவது ஹோலில் நான் அடித்த பந்து கிரீனில் அழகாக விழுந்தது, மாப்பிள்ளை கை தட்டிவிட்டார், அது மெல்ல உருண்டு உருண்டு ஓரத்துக்கு வந்து சரிந்து கீழே பள்ளத்தில் போய் நின்றது. நான் தூக்கி அடிக்க ஸ்டிக்கை மாற்றப் போனேன். கேடி தலையை ஆட்டிவிட்டு, பந்தை உருட்டுகிற ஸ்டிக்கான பட்டரை எடுத்து நீட்டினார். தரையோடு உருட்டிவிடு என்று அர்த்தம். இறுகிய தரை, ஒட்ட வெட்டிய புல், பந்து மேட்டில் ஏறி மறுபடி உருண்டு கொடியிலிருந்து மூன்று அடியில் நின்றது. அந்த அடி எனக்குப் புதுசே இல்லை. அதைச் சொல்ல வேண்டும்.

என் தாத்தா பேரணாம்பட்டுப் பக்கத்திலிருந்து கோலார் தங்கவயலுக்குச் சுரங்க வேலைக்குப் போனவர். வட ஆர்க்காட்டிலிருந்து எத்தனை ஆயிரம் குடும்பம் அப்படிப் போனது என்று உங்களில் பாதிப் பேர் வீட்டிலேயே கதை இருக்கும். அப்பா அங்கே குமாஸ்தா, நான் பிறந்தது அங்கே சாம்பியன் ரீஃப்ஸ் என்ற பகுதியில். வெள்ளைக்காரக் கம்பெனி விட்டுப் போன கோல்ஃப் மைதானம் ஒன்று இருந்தது. பள்ளிக்கூடம் விட்டதும் நாங்கள் பை தூக்கப் போவோம். அங்கே கிரீன் கிடையாது, பிரவுன். எண்ணெய் கலந்து இறுக்கிய மணல் வட்டம். பட் அடிப்பதற்கு முன்னால் ஒரு கட்டையை இழுத்து மணலைச் சமன் செய்து வழி போட்டுக் கொடுப்பது எங்கள் வேலை. சுற்றிலும் கற்றாழை, கருவேல முள், பாறை, சிவப்பு மண். அந்தத் தரையில் பந்தைத் தூக்கி அடித்தால் எங்கேயோ குதித்து ஓடும், உருட்டத்தான் வேண்டும். நான் கோல்ஃப் கற்றுக்கொண்டது அப்படித்தான். 2001-ல் சுரங்கத்தை மூடினார்கள், எங்கள் வீட்டார் குடியாத்தத்துக்குத் திரும்பி வந்தார்கள்.

பைன்ஹர்ஸ்ட்டில் அன்று சாயங்காலம் கேடியிடம் இதைச் சொன்னேன், கையை இழுத்துக் காட்டி மணலைச் சமன் செய்வதை நடித்தே காட்டினேன். அவர் முதல் தடவையாகச் சிரித்தார். இங்கேயும் அப்படித்தான் இருந்தது, தெரியுமா என்றார். உண்மைதான். இன்றைக்கு உலகமே கொண்டாடுகிற அந்தக் கிரீன்கள் 1930-களின் நடுப்பகுதி வரைக்கும் மணல்தான், 1936-ல் ஒரு பெரிய போட்டி வந்ததால்தான் புல்லாக்கினார்கள். முப்பது வருஷம் மணல் கிரீனோடு இருந்துதான் அந்த மைதானம் பெயர் எடுத்தது. தங்கவயலின் பிரவுனை ஏழைகளின் கோல்ஃப் என்று இத்தனை வருஷம் மனசுக்குள் நினைத்துக்கொண்டிருந்தேன். அன்றைக்கு ராத்திரி எனக்குச் சந்தோஷத்தில் தூக்கம் வரவில்லை.

நண்பர்களே, அவர்கள் நாற்பது வருஷம் தப்பு செய்து, பிறகு கோடிக் கணக்கில் செலவு செய்து திரும்பி வந்த இடம் எதுவோ, அது உங்களிடம் இப்போதே இருக்கிறது. அந்த மேடு இருக்கிறது, ஓடை இருக்கிறது, பாறை இருக்கிறது, மணல் இருக்கிறது. புல்லைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். பைன்ஹர்ஸ்ட் ஃபேர்வேயில் இருப்பது பெர்முடா புல். பெர்முடா என்றால் ஏதோ சீமைச் சரக்கு என்று நினைக்காதீர்கள், நம்ம அருகம்புல்தான், விளையாட்டு மைதானத்துக்காக அதன் ஒட்டு ரகங்களை வளர்த்திருக்கிறார்கள். பிள்ளையாருக்குச் சாத்துகிறோமே, வரப்பில் தானாக வளர்கிறதே, அதன் சொந்தக்காரன். சித்திரையில் காய்ந்து மண்ணோடு மண்ணாகக் கிடக்கும், ஐப்பசியில் நாலு மழை விழுந்தால் தலை தூக்கும். அருகு போல் வேரோட வேண்டும் என்று வாழ்த்துவது சும்மா இல்லை. அந்தப் புல்லைக் கோடையில் பழுப்பாகவே இருக்க விடுங்கள். ஃபேர்வே நடுவில் ஒரு வரிசைக் குழாய், கிரீனுக்குக் கொஞ்சம் தண்ணீர், அதுவும் ரிசார்ட் அறைகளிலிருந்து வரும் கழிவு நீரைச் சுத்தம் செய்து விடுங்கள். மற்ற இடமெல்லாம் விழலும் ஆவாரையும் எலந்தையும் பாறையும் எப்படிக் கிடக்கிறதோ அப்படியே கிடக்கட்டும். சீமைக் கருவேலத்தை மட்டும் வேரோடு பிடுங்குங்கள், அதற்கு நானே ஆள் கூட்டி வருகிறேன்.

ஓடையைக் குழாயில் போடாதீர்கள். நாற்பது வயசுக்காரர்கள் பாலாற்றில் தண்ணீர் பார்த்ததே இல்லை என்று சொல்லிக்கொண்டிருந்தோம், 2021 நவம்பரில் இரு கரை தொட்டு ஓடியதே, பாலத்தில் நின்று வேடிக்கை பார்த்தோமே. மலையிலிருந்து வரும் தண்ணீருக்கு உங்கள் வரைபடம் தெரியாது. அது வந்து பத்தொன்பது குடும்பம் இருக்கிற கீழ்த் தெருவுக்குள்தான் முதலில் நுழையும். அந்தத் தெருவுக்குப் போய்ப் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், நான் முப்பது வருஷம் தோல் தொழிலில் சம்பளம் வாங்கியவன். கோல்ஃப் கையுறைக்கு ஆகச் சிறந்த தோல் கம்பளி இல்லாத முடிச் செம்மறியின் தோல், நம்ம ஊர்ச் செம்மறிகள் அந்த வகைதான், அப்படிப்பட்ட தோலைத் தொட்டுத் தொட்டுத்தான் என் விரல் பழகியது. அந்தத் தொழிலால் நாங்கள் பிள்ளைகளைப் படிக்க வைத்தோம். அதே தொழிலால் பாலாற்றங்கரைக் கிணறுகள் கெட்டன, விவசாயி நிலத்தை விட்டுப் போனான். 1996-ல் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு வந்தது, கெடுத்தவன்தான் செலவை ஏற்க வேண்டும் என்று. வேலூர் மக்கள் நல மன்றம் போட்ட வழக்கு, இன்றைக்கும் இந்தியா முழுக்க வக்கீல்கள் எடுத்துக்காட்டுகிற தீர்ப்பு. தீர்ப்பு வந்தது, கிணற்றுத் தண்ணீர் திரும்பி வரவில்லை. நானும் அதில் ஒரு பங்கு. என் வயசில் மறுபடி அதே மாவட்டத்தில், நான் நேசிக்கிற விளையாட்டின் பெயரால், இன்னொரு தரம் அதே காரியம் நடப்பதைப் பார்க்க எனக்குத் தெம்பு இல்லை.

பதினெட்டு ஹோல் உடனே வேண்டாம் என்பதையும் யோசியுங்கள். பைன்ஹர்ஸ்ட்டிலேயே 2017-ல் கில் ஹான்ஸ் என்பவர் க்ரேடில் என்று ஒரு குட்டி மைதானம் போட்டார், ஒன்பது ஹோல், மொத்த நீளம் 789 யார்டு, இடம் பத்து ஏக்கர்தான். மறுநாள் காலையில் அங்கே என் பேத்தியோடு நடந்தேன், அவளுக்கு ஏழு வயசு, கையில் மூன்று ஸ்டிக், எங்களுக்கு முன்னால் ஒரு பாட்டி, பின்னால் நாலு காலேஜ் பையன்கள், எல்லாரும் சத்தம் போட்டுச் சிரித்துக்கொண்டு போனார்கள். அந்த ரிசார்ட்டில் கூட்டம் நெரிந்த இடம் அதுதான். பத்து ஏக்கரில் அதைப் போல ஒன்றை முதலில் போடுங்கள், மேட்டை மேடாகவே வைத்துக்கொண்டு. மழைக்காலத்திலும் கோடையிலும் அது எப்படி இருக்கிறது என்று பாருங்கள், மீதி நிலத்தை அதுவரை தொடாதீர்கள்.

கீழ்த் தெருப் பிள்ளைகளை உள்ளே விடுங்கள். கேடி வேலைக்கு வெளியூரிலிருந்து ஆள் கொண்டு வரப்போவதாகக் கேள்விப்பட்டேன். பைன்ஹர்ஸ்ட்டில் வில்லி மெக்ரே என்று ஒருவர் 1943-ல் பத்து வயசுப் பையனாகக் கேடி வேலைக்கு வந்து, 2018-ல் இறக்கும் வரை அங்கேயே இருந்தார். அவரைத் தெரியாமல் அந்த மைதானத்தைத் தெரியாது என்று எங்கள் கேடி சொன்னார். நிலத்தின் எந்தப் பக்கம் தண்ணீர் வடியும், எந்த மேட்டில் பந்து நிற்காது என்று அங்கேயே பிறந்து வளர்ந்தவனுக்குத் தெரிகிற மாதிரி வேறு யாருக்குத் தெரியும்? பள்ளிக்கூடம் முடித்த பிறகு வேலை, வாரத்தில் ஒரு நாள் அவர்களுக்கே மைதானம், இலவசமாக. தங்கவயலில் திங்கட்கிழமை சாயங்காலம் எங்களை விளையாட விட்டார் ஒரு பெரியவர், அதனால்தான் இந்த மடலை எழுத நான் இருக்கிறேன்.

நம்ம கோட்டைக்குள் ஜலகண்டேஸ்வரர் கோயில் நூற்றாண்டுக் கணக்கில் மூலவர் இல்லாமல் கிடந்தது. 1981-ல் சத்துவாச்சாரியில் இருந்த லிங்கத்தைக் கொண்டு வந்து வைத்தார்கள். அந்தச் செய்தி தங்கவயலுக்கு வந்தபோது என் அம்மா அழுதது எனக்கு நினைவிருக்கிறது. புதுசாக ஒன்றைக் கட்டியதற்கு யாராவது அப்படி அழுவார்களா என்று தெரியவில்லை. இருந்ததை இருந்த இடத்துக்குத் திருப்பிக் கொடுத்ததற்குத்தான் அழுதாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு நான் அந்த ஓடைக்கரையில், பெரிய புளிய மரத்துக்குப் பக்கத்தில் இருப்பேன். உங்கள் ஆலோசகரையும் அழைத்து வாருங்கள், வரைபடமும் ஒரு பென்சிலும் கொண்டு வாருங்கள். நான் பழைய பந்து ஒரு பை நிறைய வைத்திருக்கிறேன். மேட்டின் மேலிருந்து அடித்துப் பார்ப்போம், பந்து எங்கே உருண்டு போய் நிற்கிறதோ அங்கே ஒரு குச்சி நடுவோம்.

இப்படிக்கு,
குடியாத்தத்திலிருந்து ஒரு பழைய கேடி